காவிரிக் கரை வீட்டுக் கைவேலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பள்ளி விடுமுறை விட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஓலை, மண், பழைய துணி, பேப்பர் என்று எது கிடைக்கிறதோ அதை வைத்து ஏதாவது செய்வோம். அவர்களைக் கூப்பிட வரும் அம்மாக்களும் பாட்டிகளும் அப்படியே உட்கார்ந்துவிடுவது உண்டு. வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், செய்து பார்த்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எதில் ஆரம்பிப்பது? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். இப்போது என்ன மாதம் என்று பாருங்கள். நம் ஊரில் கைவேலைக்கான பொருள் ஆற்றோடும் அறுப்போடும் சேர்ந்து வருகிறது. கோடையில் குளம் வற்றும்போது களிமண் தோண்டி வைத்துக்கொண்டால் ஆவணியில் பிள்ளையார் செய்யலாம். குறுவை அறுப்பில் வருகிற வைக்கோல் மார்கழிக் குடிலுக்கு ஆகும். தையில் சம்பாக் கதிர் கிடைக்கும். காகிதக் கூழ் வேலைக்குச் சித்திரை வெயிலை விட்டால் வேறு நல்ல காலம் கிடையாது. பொருள் கிடைக்கிற மாதம் ஒன்று, பண்டிகை வருகிற மாதம் வேறொன்று. நடுவில் பொருளைப் பத்திரமாக எடுத்து வைப்பதுதான் பாதி வேலை.

கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: நூல்கண்டு, கோணி ஊசி ஒன்று, சாதா ஊசி, உப்புத்தாள், வண்ணத்தாள், ஒரு நல்ல கத்தரிக்கோல்.

கடைப் பசை இல்லாமல் ஒட்ட முடியுமா?

முடியும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். தண்ணீருக்குப் பதில் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றினால் பூச்சி அவ்வளவாக அரிக்காது. அந்தக் காலத்தில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற பசையில் கலக்கவே கூடாது.

ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் இழுக்கும் சப்பரத்தை வீட்டிலேயே செய்வது எப்படி? போன வருஷம் செய்தது தெருமுனையிலேயே கவிழ்ந்துவிட்டது.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் பக்கத்துக்கே உரியது. ஆடி பதினெட்டாம் நாள் பெண்கள் காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசியோடு படித்துறைக்குப் போவார்கள். பிள்ளைகள் சப்பரத்தை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடுவார்கள். தச்சரிடம் மரத்தில் சொல்லிச் செய்த சப்பரம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இல்லாதவர்கள் ஒரு செருப்புப் பெட்டியில் செய்துவிடலாம்.

சப்பரம் கவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் சக்கரம்தான். சக்கரத்தைப் பெட்டியோடு ஆணி வைத்து இறுக்கினால் அது சுற்றாது, தேயும். சக்கரம் அச்சோடு ஒட்டியிருக்க வேண்டும், அச்சுதான் சுற்ற வேண்டும். அதற்கு மை தீர்ந்த ஸ்கெட்ச் பேனா இரண்டை எடுத்து உள்ளே இருப்பதை உருவிவிட்டு, வெறும் குழாயைப் பெட்டியின் அடியில் குறுக்காக ஒட்டுங்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். குழாய் பெட்டியின் அகலத்துக்கு இருந்தால் நல்லது. உடைந்த குடையின் கம்பியை அதற்குள் விட்டால் தடையில்லாமல் சுழலும். அதுதான் அச்சு.

சக்கரத்துக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பு. ஒரு டப்பா மூடியை வைத்து வட்டம் வரைந்து, பெரியவர்கள் வெட்டிக் கொடுங்கள். இரண்டு வட்டத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் கனம் கிடைக்கும். சரியாக நடுவில் துளை போட்டுக் கம்பியில் செருகுங்கள். துளை கொஞ்சம் விலகினாலும் சப்பரம் நொண்டும். ஜல்லி பெயர்ந்த தெருவாக இருந்தால் சக்கரம் உள்ளங்கை அளவுக்காவது இருக்கட்டும்.

மேலே நான்கு மூலையிலும் மூங்கில் குச்சி நட்டு உச்சியில் சேர்த்துக் கட்டி வண்ணத்தாள் ஒட்டலாம். உயரம் பெட்டியின் அகலத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டாம். பெட்டியின் அடியில் இரண்டு தட்டையான கற்களை வைத்தால் ஆட்டம் நிற்கும். இழுக்கிற கயிற்றை உச்சியில் கட்டாமல் சக்கரத்தின் உயரத்திலேயே கட்டுங்கள், இழுத்த இழுப்புக்கு நேராக வரும். சாமி படம், பூச்சரம், வேப்பிலை எல்லாம் பிள்ளைகள் இஷ்டம்.

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். எல்லா வருஷமும் அது நடப்பதில்லை. ஆற்றில் மணல் மட்டும் இருந்த வருஷங்களில் மோட்டார் கொட்டகையில் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் படையல் போட்டோம். அன்றைக்கும் சப்பரம் ஓடியது.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையைப் பிள்ளைகளால் செய்ய முடியுமா?

கடையில் விற்பது மாதிரி வராது. அதற்குப் புவிசார் குறியீடே உண்டு, தலைமுறையாகச் செய்கிறவர்கள் கை அது. ஆனால் தள்ளினால் எழுந்து நிற்கிற பொம்மையை எட்டு வயதுப் பிள்ளையும் செய்யலாம். செய்தால் அது ஏன் எழுகிறது என்பதும் கைக்கே தெரிந்துவிடும்.

தேங்காயை உடைத்தால் கண் இருக்கிற மூடி, கண் இல்லாத மூடி என்று இரண்டு வரும். கண் இல்லாத மூடியின் கொட்டாங்குச்சிதான் அடியில் நல்ல உருண்டை. நாரைச் சுரண்டிவிட்டு முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் கருங்காலி மாதிரி மின்னும். உள்ளே மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் களிமண்ணை அழுத்தி நிரப்புங்கள். வரைபடத் தாளைக் கூம்பாகச் சுருட்டி உடம்பாக மேலே ஒட்டுங்கள். தலைக்குப் பேப்பர் உருண்டை போதும்.

கனமெல்லாம் அடியில், மேலே காற்று மாதிரி லேசு. இந்தக் கணக்கு தப்பினால் பொம்மை படுத்துவிடும். எங்கள் முதல் பொம்மைக்குத் தலையையும் களிமண்ணிலேயே உருட்டி வைத்தோம். படுத்தது எழுந்திருக்கவே இல்லை. தலையைக் கழற்றிப் பேப்பர் உருண்டை வைத்ததும் எழுந்துகொண்டது. இன்னொன்று: களிமண் காய்ந்தால் சுருங்கி ஓட்டிலிருந்து விட்டுப்போகும், உள்ளே கடகடவென்று ஆடும். நான்கு நாள் காயவிட்டு, ஓரமெல்லாம் பசையை ஊற்றி நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் கூம்பை ஒட்டுங்கள்.

பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

களிமண் பிள்ளையார் வயிற்றில் விரிசல் விடுகிறதே?

வெளிப்பக்கம் வேகமாகக் காய்ந்து உள்ளே ஈரம் நிற்பதால் வருகிற விரிசல் அது. வெயிலில் வைக்கவே கூடாது. நிழலில், ஈரத்துணி லேசாகப் போர்த்தி, மூன்று நாள் மெதுவாகக் காய வேண்டும். மண்ணைச் சலித்துக் கல், வேர் நீக்கி, ஒரு பிடி பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் மண் இறுக்கிப் பிடிக்கும். வயிற்றை ஒரே உருண்டையாக வைக்காமல், பின்பக்கம் கட்டைவிரலால் குழித்து விடுங்கள். ஐம்பொன் சிலை வார்க்கிற சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின்மேல் பூசுவதும் காவிரி வண்டல்தான். அவ்வளவு நைஸான மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சாயம் பூசிய பொம்மையை வாங்குவானேன்?

கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது வழக்கம். அழகுதான். ஆனால் அந்த விதையை மென்றுவிட்டால் கடும் நஞ்சு. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் மிளகு வையுங்கள்.

கொலுவுக்குச் செலவில்லாமல் ஏதாவது?

தோட்டம் போடுங்கள். கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, தட்டில் பரப்பிய மண்ணில் நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளை கண்டதும் துணியை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துவந்தால் ஐந்தாறு நாளில் வயல் மாதிரி பச்சையாக நிற்கும். அமாவாசைக்கு நான்கு நாள் முன்னால் தூவினால் முதல் நாளே தயார். நடுவில் தகரத் துண்டு வைத்து வாய்க்கால், தீக்குச்சிப் பாலம், களிமண் மாடு ஒரு ஜோடி. என் மாமியார் மடை, வரப்பு, களத்துமேடு என்று ஒரு கிராமத்தையே அமைப்பார். கொலு பார்க்க வருகிற பிள்ளைகள் பொம்மைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கே போய்க் குந்திக்கொள்வார்கள்.

தாம்பூலத்தோடு கொடுக்கப் பை தைக்க வேண்டும். எந்த அளவு?

தேங்காய் போகிற அளவுக்குத் துணி 12 அங்குல அகலம், 28 அங்குல நீளம். நீளத்தை இரண்டாக மடித்து இரு பக்கமும் தைத்து, மேலே ஒரு அங்குலம் மடித்துத் தைத்தால் நாடா நுழைகிற இடம் ஆயிற்று. கிழிந்த பட்டுப் புடவையில் உடம்பு போனாலும் கரை போகாது. கரை பையின் வாயில் வருகிற மாதிரி வெட்டுங்கள். பழைய பட்டு தையலில் பிரிந்துவிடும், உள்ளே பருத்தித் துணி ஒன்றை வைத்துத் தைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியது. ஆகவே காடாத் துணியில் மஞ்சப்பை தைத்துக் கொடுத்தாலும் யாரும் குறையாக நினைப்பதில்லை. மஞ்சள்தூளில் சாயம் போட்டால் மட்டும் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் மஞ்சள் நிறம் வெளுத்துவிடும்.

கார்த்திகைக்கு மாவலி சுற்றுவார்களே, அதை எப்படிச் செய்வது?

ஆண் பனையின் பூ வேண்டும். காய்ந்து கீழே விழுந்ததைப் பொறுக்கி, சின்னக் குழியில் போட்டுக் கொளுத்தி, கனன்றுகொண்டிருக்கும்போதே மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். மறுநாள் எடுத்தால் கரியாக இருக்கும், சாம்பலாக இருக்காது. அதை நைஸாகப் பொடித்து, கொஞ்சம் உப்புத்தூள் கலந்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் விரல் பருமனுக்கு இறுக்கமாகச் சுருட்டிக் கட்டுங்கள். பிளந்த பனைமட்டை மூன்றின் நடுவில் அந்தச் சுருட்டை வைத்துக் கட்டி, மட்டையின் மறுமுனையில் நீளமான கயிறு. நுனியில் நெருப்பு வைத்துச் சுழற்றினால் பூப்பூவாகப் பொறி பறக்கும்.

இதைப் பெரியவர்கள்தான் சுற்ற வேண்டும். வைக்கோல் போர், கூரை வீடு, மாட்டுக் கொட்டகை பக்கத்தில் இருந்தால் வேண்டவே வேண்டாம். அறுத்த வயலோ வெறும் மைதானமோ நல்லது. பருத்தி உடுப்பு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் குடிலும்?

வேளாங்கண்ணிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இரண்டடி நீள மூங்கில் பிளாச்சு பத்து. ஐந்தைக் கோத்து ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் இன்னொன்று. முனைகளையும் உள்ளே குறுக்கிடும் இடங்களையும் நூலால் கட்டுங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள்ளே குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நாலங்குலக் குச்சியைச் செருகி அகட்டினால் நடுவில் பல்பு வைக்க வயிறு கிடைக்கும். எல்இடி பல்பு மட்டும் போடுங்கள், குண்டு பல்பின் சூடு தாளுக்கு ஆகாது.

குடிலின் கூரைக்கு நீள வைக்கோல் வேண்டும். மிஷின் அறுத்த வைக்கோல் நசுங்கித் துண்டு துண்டாகக் கிடக்கும், கூரைக்கு உதவாது. வயலின் மூலைகளில் மிஷின் திரும்ப முடியாத இடத்தைக் கையால்தான் அறுப்பார்கள். குறுவை அறுப்பின்போது அந்தக் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

பொங்கலுக்குக் கொடுக்க நல்ல பரிசு எது?

என்னைக் கேட்டால் நெற்கதிர்க் குஞ்சம். முக்கால் பழுத்த கதிரை ஒரு அடித் தாளோடு அறுக்க வேண்டும். முழுக்கப் பழுத்தால் தொட்டதும் நெல் உதிரும். ஒரு நாள் நிழலில் உலர்த்தி, தாள் பகுதியை மட்டும் தண்ணீரில் நனைத்துவிட்டு, முப்பது கதிரைச் சேர்த்துக் கழுத்தில் கட்டி, தாளை மூன்று பிரியாகப் பிரித்துச் சடை பின்னுங்கள். சடையை வளைத்துக் கட்டினால் மாட்டுவதற்குக் காது ஆயிற்று. வாசல் நிலையில் தொங்கவிட்டால் சிட்டுக்குருவி வந்து கொத்தும். எங்கள் வாசலில் கட்டிய மூன்றாம் நாள் இரண்டு குருவி வந்தது. அன்றைக்கு முழுக்க நாங்கள் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தோம்.

மாட்டுக்கு நெட்டிமாலை போடுங்கள். ஏரி, குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவித் துண்டாக்கிச் சாயம் போட்டுக் கோப்பது அது. பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். அதே நெட்டியில்தான் பெரிய கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் செதுக்கி வைக்கிறார்கள், தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டில் கோக்க நினைத்தால் கத்தி ரொம்பக் கூராக இருக்க வேண்டும், மழுங்கிய கத்தி நெட்டியை நசுக்கிவிடும். ஜிகினா, பிளாஸ்டிக் மாலைகளை மாடு மென்று விழுங்கினால் அதன் வயிற்றுக்குள் சிக்கிக்கொள்ளும். வேண்டாம்.

குருத்தோலைத் தோரணம் கட்டக் குருத்து எங்கே கிடைக்கும்?

தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு மொட்டுதான். குருத்து வெட்டும்போது கை தவறி அந்த மொட்டு போனால் மரமே போச்சு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. அதற்கப்புறம் அலங்காரத்துக்கென்று குருத்து வெட்ட எனக்கு மனசு வருவதில்லை. விழுந்த மரத்திலோ, வெட்டுகிற மரத்திலோ எடுத்துக்கொள்கிறோம். அது இல்லையென்றால் விரிந்த இளம் ஓலையிலேயே கிளி முடியலாம். மஞ்சள் நிறம் வராது, இளம்பச்சையில் கிளி இன்னும் கிளியாகத்தான் இருக்கிறது.

மாவிலையை நூலில் கோக்காமல் ஈர்க்குச்சியால் மடித்துக் குத்துங்கள். வதங்கினாலும் தொங்காது.

காகிதக் கூழில் கூடை செய்தேன், பூசணம் பூத்துவிட்டது.

ஐப்பசியில் செய்திருப்பீர்கள். அடைமழையில் நம் ஊர் ஈரத்துக்கு அது காயவே காயாது. பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். ஒரு கிலோ பழைய பேப்பரைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, பிழிந்தெடுத்து, ஊறிய வெந்தயம் 100 கிராமோடு கிரைண்டரில் போட்டு ஆட்டுங்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை, கசப்புக்குப் பூச்சி வராது. ஒரு குண்டானைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, கால் அங்குல கனத்துக்கு அப்பி, வெயிலில் வையுங்கள். பாதி காய்ந்ததும் குண்டானை உருவிவிட்டு உள்பக்கமும் வெயில் பட வையுங்கள். வளையல், நூல்கண்டு, பூண்டு, காய்ந்த மிளகாய் போட்டு வைக்கலாம். அச்சு மை இருப்பதால் சமைத்த பண்டத்தை நேராக வைக்காதீர்கள்.

கை நடுங்குகிற பாட்டி, தாத்தாவையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

கண்டிப்பாக. வாழைநார் கிழித்துத் தரலாம், பூ தொடுக்கலாம். விளக்குத்திரி அதைவிட நல்லது. பருத்திப் பஞ்சில் கொட்டை, தூசி எடுத்து, விரலில் விபூதி தொட்டுத் திரிக்க வேண்டும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குக்கூட விரலே வழி சொல்லிவிடும். நூறு நூறு திரியாக வாழைநாரில் கட்டிக் கார்த்திகைக்கு உறவுக்காரர்களுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும்போது அந்தப் பாட்டியின் நினைப்பு வரும்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு எதை அனுப்பலாம்?

துணிப்பை, துணிபொம்மை, வண்ணத்தாள் வேலைகளை அனுப்புங்கள். நெற்கதிர், வைக்கோல், விதை, மண் சேர்ந்த எதையும் அனுப்ப வேண்டாம். ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் சோதனையில் எடுத்து அழித்துவிடுவார்கள். நட்சத்திரத்தைக் கட்டாமல், அளவாக வெட்டிய தாளையும் செய்முறையையும் அனுப்பினால் அங்கே குச்சி வாங்கிப் பேரப்பிள்ளைகளே கட்டிக்கொள்வார்கள்.

பண்டிகை முடிந்ததும் இதையெல்லாம் என்ன செய்வது?

பிள்ளையாரை ஆற்றுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் வாளித் தண்ணீரில் கரைத்து, அந்த மண்ணைச் செடிக்கு ஊற்றலாம். குன்றிமணி வைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். கொலுத் தோட்டத்தின் முளையைக் கன்றுக்குட்டிக்குக் கொடுங்கள். தோரணமும் வைக்கோல் கூரையும் எருக்குழிக்கு. சப்பரத்தில் பெட்டியும் தாளும் நைந்துபோயிருக்கும். அச்சுக் கம்பியையும் சக்கரம் நான்கையும் மட்டும் கழற்றித் துடைத்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு முடிந்து, பரணில் வையுங்கள். அடுத்த ஆடிக்குப் பெட்டி மட்டும் தேடினால் போதும்.